ஆப்பிரிக்க வனவிலங்கு வெள்ளி நாணயங்கள்: தேர்வு முதல் விற்பனை வரை முழுமையான வழிகாட்டி

யானை அழகாக இருக்கிறது என்று வாங்கிவிட்டு, அப்புறம் "இது நிஜ வெள்ளிதானா, விற்றால் எவ்வளவுக்குப் போகும்" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். சேர்ப்பவர்களுக்கென்றே அடிக்கப்படும் ஆப்பிரிக்க விலங்கு நாணயங்களில் வரிசை மாறினால் பணம் போகும். முதலில் நாணயத்தைப் பற்றிய விவரம், அப்புறம் தராசு, கடைசியில்தான் விலங்கு. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. முதல் நாணயத்துக்கு முன் கருவிகள்

நாணயம் வருவதற்கு முன்பே இவை வீட்டில் இருக்கட்டும். வந்தபின் தேடினால் விற்பவர் கொடுக்கும் திருப்பி அனுப்பும் கெடு ஓடிவிடும்.

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. சமையலறைத் தராசு ஒரு கிராம் கணக்கில் காட்டும், அது இங்கே உதவாது. விட்டமும் தடிமனும் அளக்க டிஜிட்டல் காலிப்பர் ஒன்று. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே அதுதான். ஒரு நியோடிமியம் காந்தம். நாணயத்தை வைத்து மூட, 39 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள பிளாஸ்டிக் கேப்சூல் சில. எல்லாம் சேர்த்து ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயத்தின் விலையைவிடக் குறைவாகவே முடியும். இதில் மிச்சம் பிடிக்க நினைத்தால் அந்த மிச்சம் ஒரே ஒரு போலியில் போய்விடும்.

2. ஒரே ஒரு தொடரைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவார்கள்: கென்யா சிங்கம் என்று ஒன்று, காங்கோ கொரில்லா என்று ஒன்று, வண்ணம் பூசிய ஒட்டகச்சிவிங்கி ஒன்று. அப்படிச் சேர்ந்த குவியலை மொத்தமாக விற்கப் போனால் வெள்ளி விலைக்குத்தான் கேட்பார்கள். ஒரே தொடரில் வருட வரிசையாக இருந்தால் கேட்கிற ஆள் வேறு. அதோடு, ஒரே நாணயத்தைப் பல வருடத்துக்குக் கையில் எடுத்துப் பார்த்தால் போலி வரும்போது கண்ணே சொல்லிவிடும்.

தொடங்குவதற்கு ஏற்றவை என்று நான் சொல்வது இவற்றைத்தான்.

சோமாலிய யானை. இதை அடிப்பது ஜெர்மனியின் மியூனிக்கில் உள்ள பவேரிய மாநில நாணயச்சாலை. 1999-இல் சாம்பியா பெயரில் தொடங்கி, 2004 முதல் சோமாலியா பெயரில் வருகிறது. யானைப் படம் வருடாவருடம் மாறும். இப்போதைய 1 அவுன்ஸ் வெள்ளியின் முகமதிப்பு 100 ஷில்லிங். மறுபக்கம் சோமாலியாவின் அரசுச் சின்னம், நட்சத்திரம் உள்ள கேடயமும் இரண்டு பக்கமும் சிறுத்தையும். விற்பவர்களும் வாங்குபவர்களும் நிறைய இருப்பதால் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது, அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

தென்னாப்பிரிக்க நாணயச்சாலையின் பிக் ஃபைவ். 2019-இல் யானையோடு தொடங்கியது. யானை, சிங்கம், காண்டாமிருகம், சிறுத்தை, எருமை ஆகிய ஐந்தும் உண்டு. 1 அவுன்ஸ் வெள்ளியின் முகமதிப்பு 5 ராண்ட். இதில் ஒரு குறும்பு இருக்கிறது: ஒரு நாணயத்தில் விலங்கின் முகம் இரண்டு பாதியாகப் பிரிந்து ஓரங்களில் நிற்கும், அதே நாணயம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முழு முகம் சேரும். ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு "அச்சு நகர்ந்துவிட்டது, பிழை நாணயம்" என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. பிழை எதுவும் இல்லை, வடிவமைப்பே அப்படித்தான்.

ருவாண்டாவின் 50 ஃபிராங்க் முகமதிப்புள்ள 1 அவுன்ஸ் வெள்ளி. 2008-இல் மலைக் கொரில்லாவோடு தொடங்கி, அப்புறம் வருடத்துக்கு ஒரு விலங்கு. ஒரே மிருகம் திரும்பத் திரும்ப வருவது சலிப்பு என்பவர்களுக்கு இது.

தங்கத்தில் தொடங்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் தங்க நாணயங்களான, 1994-இல் சிங்கத்தோடு வந்த நேச்சுரா தொடரும், ஸ்பிரிங்பாக் மான் ஓடும் குரூகராண்டும் பிரமாதமானவைதான். ஆனால் தங்கப் போலியை வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். காரணம் 7-ஆம் படியில் வருகிறது.

3. விவரம் ஆறையும் எழுதிக்கொள்ளுங்கள்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாளில் ஆறு விஷயம்: எந்த நாட்டின் பெயரில், யார் அடித்தது, என்ன உலோகம் எந்தத் தூய்மை, எடை, விட்டம், எந்த ஃபினிஷ் (மேல்பரப்பின் வகை). நாணயச்சாலையின் தளத்திலோ நியூமிஸ்டா போன்ற பட்டியல் தளத்திலோ பாருங்கள். விற்பவரின் விளம்பரத்தைப் பார்த்து இதை எழுதக்கூடாது. அவர் சொல்வதைச் சரிபார்க்கத்தானே இந்தத் தாள்.

நாடு வேறு, அடித்தவர் வேறு என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். கபோன் பெயரில் ஸ்பிரிங்பாக் வெள்ளி நாணயம் வந்திருக்கிறது, கபோன் காட்டில் ஸ்பிரிங்பாக்கே கிடையாது. நாட்டின் பெயர் ஓர் உரிமம், அவ்வளவுதான். நாணயத்தின் தரமும் மறுவிற்பனை மதிப்பும் அடித்த நாணயச்சாலையைப் பொறுத்தவை. மியூனிக் நாணயச்சாலை அடித்த சோமாலிய யானைக்கு ஒரு விலை, யாரோ ஒரு தனியார் கம்பெனி சோமாலியா பெயரைப் போட்டு அடித்த பொருளுக்கு வேறு விலை. 2004-இல் சோமாலியா பெயரில் கிட்டார் வடிவ நாணயம்கூட வந்தது, அதை வைத்துத் தலைநகர் மொகடிஷுவில் யாரும் வாழைப்பழம் வாங்கியிருக்க மாட்டார்கள்.

முகமதிப்பை நம்பி எதுவும் கணக்குப் போடாதீர்கள். "100 ஷில்லிங் சட்டப்பூர்வப் பணம்" என்று விளம்பரம் பெரிதாகச் சொன்னால், சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

உலோகத்தில் கவனிக்க வேண்டிய சொற்கள்: கிளாட், பிளேட்டட், லேயர்டு, ட்ரிப்யூட், காப்பி. இதில் ஒன்று இருந்தாலும் பெரும்பாலும் மேலே மட்டும்தான் வெள்ளி அல்லது தங்கம். ரவுண்ட் என்று இருந்தால் வெள்ளியாக இருக்கலாம், ஆனால் நாணயம் கிடையாது, எந்த நாடும் வெளியிடவில்லை. குப்ரோநிக்கல் என்றால் செம்பும் நிக்கலும். விலங்குப் படத்தை வண்ணத்தில் அச்சிட்ட மலிவான நாணயங்களில் பல இந்த வகைதான். நம் ஊர் ஜெர்மன் சில்வரும் அதே குடும்பம், அதில் துளி வெள்ளி கிடையாது.

எடையில் இன்னொரு குழப்பம். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். ஆனால் தங்கக் குரூகராண்ட் 33.93 கிராம் இருக்கும், ஏனென்றால் அது 22 கேரட், ஒரு அவுன்ஸ் சுத்தத் தங்கத்தோடு செம்பும் சேர்ந்திருக்கிறது. எடை கூடுகிறதே, போலி என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இதற்கு எதிர்ப்பக்கம், 1970களில் ஆப்பிரிக்க நாடுகள் வெளியிட்ட வனவிலங்குப் பாதுகாப்பு நாணயங்கள். அவற்றில் பல 28.28 கிராம், 925 ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்குதான் வெள்ளி. அப்படிப் பார்த்தால் சுத்த வெள்ளி 26.16 கிராம்தான். பெரிய நாணயமாக இருக்கிறது என்று ஒரு அவுன்ஸ் விலை கொடுத்துவிடக் கூடாது.

ஃபினிஷ் இரண்டு வகை முக்கியம். பி.யு. (பிரில்லியண்ட் அன்சர்குலேட்டட்) என்பது முதலீட்டு வகை, சாதாரணப் பளபளப்பு. புரூஃப் என்பது கண்ணாடி போன்ற பின்னணியில் பனி படர்ந்த மாதிரி விலங்கு தெரியும் வகை, சிறப்பு அச்சில் அடித்தது, விலையும் அதிகம். இரண்டும் ஒரே படமாக இருக்கலாம், அதனால் புகைப்படத்தில் ஏமாறுவது சுலபம்.

4. உலோக விலையைக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள். நாணயத்தின் அடிமட்ட மதிப்பு எவ்வளவு என்று தெரியாமல் "நல்ல விலையா" என்று கேட்பதில் பொருளே இல்லை.

கணக்குக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 31.1 கிராமுக்கு 3,110 ரூபாய். விற்பவர் 4,500 கேட்கிறார். மேலே 1,390, ஏறக்குறைய 45 சதவீதம். இதைப் பிரீமியம் என்பார்கள். இப்போது அதே நாணயத்துக்கு இன்னும் மூன்று கடைகளில் பிரீமியம் எவ்வளவு என்று பாருங்கள். வெள்ளி விலை தினமும் ஆடும், பிரீமியம் அவ்வளவு ஆடாது, அதனால் ஒப்பிட வேண்டியது பிரீமியத்தைத்தான்.

பிரீமியம் கூட இருப்பது தவறில்லை. பழைய வருடம், குறைந்த எண்ணிக்கை, சாம்பியா பெயரில் வந்த ஆரம்ப கால யானைகள் இவற்றுக்கெல்லாம் கூடத்தான் இருக்கும். காரணம் இல்லாமல் கூட இருப்பதுதான் தொல்லை. யானை நாணயத்தை வெளியாட்கள் வாங்கி வண்ணம் பூசி, பாதி தங்க முலாம் போட்டு, மரப்பெட்டியில் வைத்து "லிமிடெட் 500" என்று விற்பது வழக்கம். நாணயச்சாலைக்கும் அந்த வண்ணத்துக்கும் சம்பந்தமில்லை. கொடுக்கும்போது இரண்டு மடங்கு, விற்கும்போது பல வியாபாரிகள் சாதாரண நாணயத்தைவிடக் குறைவாகக் கேட்பார்கள், ஏனென்றால் அவர்கள் பார்வையில் அது கெடுக்கப்பட்ட நாணயம். பிடித்திருந்தால் வாங்குங்கள், முதலீடு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

அரை கிராம் தங்க நாணயங்களும் இதே கதை. சிங்கம், யானை எல்லாம் 11 மில்லிமீட்டரில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வரும். "வெறும் இவ்வளவு விலையில் தங்க நாணயம்" என்பார்கள். அரை கிராம் தங்கத்தின் அன்றைய விலையைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஆசை தானாக அடங்கும்.

வெள்ளி விலைக்கும் கீழே கிடைத்தால்? நிஜ வெள்ளியை உலோக விலைக்குக் கீழே யாரும் முன்பின் தெரியாதவருக்குக் கொடுப்பதில்லை. மேலே எதுவும் யோசிக்க வேண்டாம், விட்டுவிடுங்கள்.

5. விற்பவரிடம் கேட்க வேண்டியவை

நான்கு கேள்வி போதும். படத்தில் உள்ள நாணயமேதான் வருமா, அல்லது மாதிரிப் படமா? கேப்சூலை யாராவது திறந்திருக்கிறார்களா? வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, எத்தனை நாளுக்குள்?

வெள்ளைப் புள்ளி என்பது மில்க் ஸ்பாட், பால் தெறித்த மாதிரி மங்கலான திட்டு. சுத்த வெள்ளி நாணயத்தில் இது வரும், வெற்றுத் தகட்டைக் கழுவிய திரவத்தின் மிச்சம் சூட்டில் படிந்துவிடுவதுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். போலி என்று அர்த்தமில்லை, ஆனால் துடைத்தாலும் போகாது. சேகரிப்பவருக்கு விற்கும்போது விலை குறையும். அதனால் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

6. அஞ்சலும் சுங்கமும்

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு, சுங்கவரி, உள்நாட்டு வரி எல்லாம் சேர்த்த பின் உள்ள தொகையைத்தான் 4-ஆம் படிக் கணக்கில் போட வேண்டும். இந்தியாவில் வெள்ளி நாணயத்துக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. இறக்குமதி வரி அடிக்கடி மாறுகிறது, கட்டுப்பாடும் வந்து வந்து போகிறது, ஆர்டர் போடும் வாரத்தில் உள்ள நிலையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரே ஒரு அவுன்ஸுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் கட்டுப்படியாகாது, உள்ளூர் வியாபாரியிடம் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவதே மேல்.

சில விற்பனையாளர்கள் "அன்பளிப்பு என்று எழுதி, விலையைக் குறைத்துப் போட்டு அனுப்பவா" என்பார்கள். வேண்டாம். அது பொய் அறிவிப்பு, அது போக பார்சல் தொலைந்தால் காப்பீடு அந்தக் குறைத்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

7. பார்சல் வந்ததும்: சோதனை வரிசை

பார்சலைப் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள், உறையின் முகவரிச் சீட்டு தெரியும்படி. அப்புறம் இந்த வரிசையில் பாருங்கள். எளிதானது முதலில், நாணயத்தைத் தொடும் சோதனை கடைசியில். முதல் சோதனையிலேயே தோற்றால் மீதியைச் செய்ய வேண்டியதே இல்லை.

கண். லென்ஸில் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். நல்ல அச்சில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக எழும். யானைத் தோலின் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரியும். வார்ப்பில் செய்த போலியில் அந்தச் சுருக்கங்கள் சோப்பு கரைந்த மாதிரி ஒன்றோடொன்று இழைந்துபோயிருக்கும், தட்டையான இடத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். வருடமும் படமும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். படம் வருடாவருடம் மாறும் தொடரில் போலிக்காரர்கள் ஒரு வருடத்து யானைக்கு வேறு வருடத்து எண்ணைப் போட்டுவிடுவது உண்டு.

காந்தம். ஒட்டினால் முடிந்தது கதை. ஒட்டாவிட்டால் நிஜம் என்று ஆகிவிடாது, செம்பும் ஈயமும்கூட ஒட்டாது. நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து, கேப்சூல் மேலேயே காந்தத்தை விட்டால் வெள்ளியில் அது பிரேக் பிடித்த மாதிரி மெதுவாக இறங்கும். செம்பிலும் ஏறக்குறைய அதே மாதிரி மெதுவாக இறங்கும் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

எடையும் அளவும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பின் அடர்த்தி 8.96. அதே விட்டத்தில் அதே 31.1 கிராம் வரவேண்டுமானால் செம்பு நாணயம் ஏறத்தாழ 17 சதவீதம் தடிமனாக இருந்தாக வேண்டும். தடிமனைச் சரியாக வைத்தால் எடை குறையும். மலிவான போலி ஏதாவது ஒன்றில் மாட்டும். எடையை மட்டும் பார்த்துவிட்டு "31.1 சரியாக இருக்கிறது" என்று நிம்மதியாகிவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. காலிப்பரின் உலோகத் தாடை நாணயத்தில் உரசாமல் மெதுவாக மூடுங்கள்.

தண்ணீர். இன்னும் சந்தேகம் இருந்தால், பி.யு. நாணயத்துக்கு மட்டும். தராசின் மேல் ஒரு சின்ன டம்ளரில் காய்ச்சி வடித்த நீரை வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். மெல்லிய நூலில் நாணயத்தைக் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதாக மூழ்கும்படி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது வெளியேறிய நீரின் எடை. 1 அவுன்ஸ் சுத்த வெள்ளிக்கு 2.96 கிராம் அளவில் நிற்க வேண்டும். 3.4-க்கு மேல் போனால் உள்ளே செம்பு அல்லது அதுபோல ஒன்று, 2.8-க்குக் கீழே வந்தால் ஈயத்தைச் சந்தேகப்படுங்கள். நாணயத்தில் குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடும், லேசாக அசைத்து விட்டுவிட்டுப் படியுங்கள். அப்புறம் மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். புரூஃப் நாணயத்தைத் தண்ணீரில் விடவே கூடாது, ஒரு துளி காய்ந்தாலும் அந்தக் கண்ணாடிப் பரப்பில் வட்டம் நிற்கும்.

தங்கத்துக்கு இந்த நீர்ச் சோதனை போதாது. டங்ஸ்டனின் அடர்த்தி சுத்தத் தங்கத்துக்கு மிக அருகில் இருப்பதால், உள்ளே டங்ஸ்டன் வைத்து மேலே தங்கம் போர்த்தியது தப்பித்துவிடும். வீட்டுத் தராசு அங்கே கைவிரித்துவிடும்.

நகைக்கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள்: அங்கே தூய்மை பார்க்கும் கருவியான கேரட் மீட்டர் மேல்பரப்பைத்தான் படிக்கும், கனமான முலாம் அதை ஏமாற்றும். உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறேன் என்று அவர் கையை நீட்டினால் நாணயத்தை உடனே வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு கோடு விழுந்தால் அது வெறும் வெள்ளிக்கட்டி.

8. தொடுவதும் வைப்பதும்

விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். கீழே துணி விரித்திருக்க வேண்டும். விரல் ரேகை முதலில் தெரியாது, சில மாதத்தில் பழுப்பாக எழும்.

சுத்தம் செய்யாதீர்கள். நம் வீடுகளில் இது பெரிய சண்டை. வெள்ளி கொஞ்சம் கறுத்தால் விபூதி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவது வீட்டில் வழக்கம், குங்குமச்சிமிழுக்கு அது சரி. புரூஃப் சிங்கத்தை அப்படித் தேய்த்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது ஆயிரம் மயிரிழைக் கீறல் தெரியும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஆசையோடு செய்துவிடுவார்கள்.

வைக்கும் இடத்தில் கந்தகமும் ஈரமும் இருக்கக்கூடாது. ரப்பர் பேண்டு, செய்தித்தாள், சாதாரண அட்டைப்பெட்டி எல்லாம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பி.வி.சி. உறை இன்னும் மோசம், கொஞ்ச நாளில் பச்சையாகப் பிசுபிசுப்பு இறங்கும். கேப்சூலுக்குள் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் பொட்டலத்தை மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுவது நல்லது.

9. சான்றிதழும் ஸ்லாபும்

நாணயத்தோடு வரும் அட்டைச் சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சோமாலிய யானையின் பி.யு. வகைக்குச் சான்றிதழ் இல்லாமல் வருவதே இயல்பு, அதனால் இல்லையே என்று பதற வேண்டாம். புரூஃப் செட்டுகளுக்கு மட்டும் பெட்டியும் சான்றிதழும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் மறுவிற்பனையில் அடிபடும்.

ஸ்லாப் என்பது என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் தரம் பார்த்து மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டி, 70-க்கு எத்தனை என்று போட்டுக் கொடுப்பார்கள். ஸ்லாபில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் விவரமும் கையில் உள்ள நாணயமும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஸ்லாபையும் போலி செய்கிறார்கள். சாதாரண வருட யானைக்கு ஸ்லாப் போடச் செலவழிப்பது வீண் என்பது என் அபிப்பிராயம், தரக்கட்டணமும் போக்குவரத்தும் சேர்ந்தால் பிரீமியத்தையே தின்றுவிடும்.

10. குறிப்பேடும் விற்பனையும்

வாங்கிய அன்றே எழுதுங்கள்: தேதி, விலை, அன்றைய வெள்ளி விலை, எடை, விட்டம், விற்றவர், ரசீது எண். இரண்டு பக்கமும் விளிம்பும் படம் எடுத்து அதோடு சேர்த்து வையுங்கள். அன்றைய வெள்ளி விலையை எழுதாமல் விட்டால், பின்னால் லாபம் வந்தது நாணயத்தாலா வெள்ளி ஏறியதாலா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

விற்கும்போது முதலில் சேகரிப்பவர்களிடம், அப்புறம் நாணய வியாபாரியிடம், கடைசியாகத்தான் நகைக்கடை. நகைக்கடையில் பிரீமியத்துக்கு ஒரு பைசா தரமாட்டார்கள், அவர்களுக்கு அது உருக்கும் வெள்ளி. வருட வரிசையாக உள்ளதை உடைத்து விற்காமல், முதலில் தொகுப்பாகக் கேட்டுப் பாருங்கள். உடைக்கத்தான் வேண்டும் என்றால் எளிதில் கிடைக்காத வருடத்தை மட்டும் முதலில் விற்றுவிடாதீர்கள், அது போனபின் மீதியை வெள்ளி விலைக்குத்தான் கேட்பார்கள். நேரில் விற்பதாக இருந்தால் உங்கள் தராசையும் எடுத்துப் போங்கள்.